போய் வந்தால் ஒரு நடை

பென்சிலைச் சீவி முடித்ததும் எங்கள் அலுவலகத்து மேடம் நுனியை உள்ளங்கையில் குத்திப் பார்க்கிறார். கூர் போதவில்லை. மறுபடி சீவுகிறார், மறுபடி குத்திப் பார்க்கிறார். மூன்றாவது தடவைதான் மனசு சமாதானமாகிறது. அதற்குள் புதுப் பென்சிலில் கால்வாசி குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். "மரத்த இப்படி வீணாக்குறீங்களே, இது உங்க கணக்குல வராதா?" என்று ஒருநாள் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். கிண்டல் என்று புரிய அவருக்கு எப்போதும் அரை நிமிடம் பிடிக்கும். சீவலைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு, "போட்டுட்டேன் சார். எழுதுபொருள்னு தனி வரி இருக்கு" என்றார்.

பேனாவால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. கையெழுத்துக்கு மட்டும் பக்கத்து மேசையில் இரவல் வாங்குவார். போட்ட மறுகணமே திருப்பிக் கொடுத்துவிடுவார். "மை வெச்சா நின்னுடும் சார். அப்புறம் தப்புன்னு தெரிஞ்சா நான் எங்க போவேன்?" அவருடைய தகரப் பெட்டியில் நாலு பென்சில், ஒரு ஷார்ப்னர், ஒரு வெள்ளை ரப்பர். எங்கள் மாடியிலேயே சுத்தமான பொருள் அந்த ரப்பர்தான். ஒவ்வொரு தடவை அழித்த பிறகும் அதன் முகத்தைத் துடைத்து வைப்பார்.

எங்கள் அலுவலகம் சாலை போடுகிறது, பாலம் கட்டுகிறது. நான் படம் வரைகிறவன். அவர் புகை அளக்கிறவர். ஒரு பாலத்தின் மேல் முதல் வண்டி ஓடுவதற்கு முன்பே எவ்வளவு கரியமில வாயு வானத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று சொல்ல வேண்டும். சிமெண்டு சுட்டபோது போனது, இரும்பு உருக்கியபோது போனது, கல் உடைத்தபோது, தார் காய்ச்சியபோது, இவற்றையெல்லாம் லாரியில் ஏற்றி வந்தபோது போனது. அத்தனையும் டன் கணக்கில் அவருடைய தாளில் வந்து உட்காரும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் மேலிடத்தில் கையெழுத்து விழாது. கோப்பு திரும்பி வந்துவிடும்.

இந்த வேலைக்கு ஒரு பிரிவு திறந்து அவரை உட்கார வைத்தபோது, பெயர்ப்பலகை எழுத வந்தவர் 'கறிமப் பிரிவு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் அந்தப் பலகை அப்படியே தொங்கியது. கேண்டீன்காரர் தலையை நீட்டி, "இன்னிக்கு எத்தன கிலோ மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் ஸ்டூல் போட்டு ஏறி, 'றி'யைச் சுரண்டி, தானே 'ரி' எழுதினார். பென்சிலால்தான். இன்றைக்கும் பலகையில் இரண்டாவது எழுத்து மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கும். எங்கள் மாடியில் சின்னவர்கள் அவரைக் 'கரியக்கா' என்று கூப்பிடுவார்கள். கோபப்படமாட்டார். 'ரி'யைச் சரியாகச் சொல்கிறார்களா என்று மட்டும் காது கொடுத்துக் கேட்பார்.

பயந்த சுபாவம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மாலையில் அறையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். இரண்டு படி இறங்கி, "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடறேன்" என்று ஏறுவார். தெருவில் பேருந்தோ லாரியோ உறுமிக்கொண்டு கடந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது திருப்பம் தாண்டிய பிறகுதான் விடுவார். பேச்சுக்கு நடுவே இப்படி நின்றுபோவதால், பழகாதவர்கள் தாங்கள்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பதறுவார்கள். யாரிடம் அறிமுகமானாலும் முதல் கேள்வி ஊர் பெயர் இல்லை. "உங்க வண்டி எவ்ளோ குடுக்குது?" என்பதுதான். தன் ஸ்கூட்டருக்கு மைலேஜ் குறைவு என்று அவரிடம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்ட டாக்டர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இதற்கு முன் பதினொரு வருஷம் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போட்டவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், ஒருநாளைக்கு எத்தனை நடை அடிக்கும் என்பது அந்த வேலை. அங்கே போனால் ஒரு நடை, திரும்பினால் இன்னொரு நடை. இரண்டு பக்கமும் ஆள் ஏறுவதால் இரண்டும் கணக்கில் வரும். பதினொரு வருஷம் நாக்கில் ஊறிய சொல் அது. அந்தச் சொல்தான் அவரைக் கவிழ்த்தது.

ஆற்றுக்குக் குறுக்கே புதுப் பாலம் வர வேண்டும். பழைய பாலம் ஒற்றை வழி. இந்தக் கரை வண்டிகள் போகும்வரை அந்தக் கரை வண்டிகள் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கும். பிறகு இவை காத்திருக்கும். எங்கள் தலைமைப் பொறியாளர், அலுவலகத்தில் எல்லோருக்கும் 'பெரியவர்', ஒன்பது வருஷமாக இந்தக் கோப்போடு மல்லுக்கட்டுகிறார். புதுப் பாலத்துக்கான புகை வரம்பு ஏழாயிரம் டன். கரியக்கா கூட்டிப் பெருக்கி ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது என்றார். பெரியவர் அன்று மாடிக்கே டீ வாங்கிக் கொடுத்தார். இறுதி அறிக்கை வியாழக்கிழமை நாலு மணிக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமை அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கல்குவாரியிலிருந்து பாலத்துக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் லாரி ஓட வேண்டும். வெறும் லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும் என்று எழுதியிருந்தார். அது நாலுதானா? "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடறேன்." அணுகுசாலை வரைபடத்துக்காக நானும் போக வேண்டியிருந்தது. பக்கத்துச் சாலை வேலைக்குக் கல்லை இறக்கிவிட்டு அந்தக் குவாரிக்குத் திரும்பும் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டோம். ஓட்டுநருக்கு அருகில் அவர், கதவோரம் நான். அவர் மடியில் நோட்டு, காதில் பென்சில்.

"வெறும் வண்டி எவ்ளோ குடுக்கும் அண்ணே?"

"நாலு குடுக்கும். லோடு ஏத்துனா மூணுதான் மேடம். மேடு வந்தா அதுவும் இல்ல."

நாலு என்பது சரியாக இருந்தது. அவர் முகம் தெளிந்தது. பேச்சுக்காகத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். "இன்னிக்கு இது எத்தனாவது நடை?"

"ரெண்டாவது."

அவர் நோட்டைப் பார்த்தார். காலையிலிருந்து அந்த வண்டியின் போக்குவரத்தை நேரத்தோடு குறித்து வைத்திருந்தார். "இல்லண்ணே. வந்தது ரெண்டு, போனது ஒண்ணு, இப்ப போறது ஒண்ணு. நாலாவது."

ஓட்டுநர் சிரித்தார். "நாலா? அப்படி எண்ணுனா நான் என்னிக்கோ பெரிய ஆளாயிருப்பேன். போய்ட்டு வந்தாத்தான் மேடம் ஒரு நடை. வெறும் வண்டியத் தனியா எவன் எண்ணுவான்?"

கரியக்கா காதிலிருந்த பென்சிலை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், "வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றார். வாந்தி வருகிறதோ என்று நான் கதவைத் திறந்தேன். அவர் இறங்கிச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

கல்குவாரிக் கணக்கர் எழுதிக் கொடுத்த தாளில் 'மொத்தம் 11,400 நடை' என்று இருந்தது. இவர் அதைப் பேருந்து நடையாகப் படித்துவிட்டார். பாதி கல்லோடு வருபவை, பாதி வெறுமனே திரும்புபவை. ஆனால் லாரிக்காரர்களின் நடையில் வருவதும் திரும்புவதும் ஒன்று. அப்படியானால் கல்லோடு பதினோராயிரத்து நானூறு தடவை, வெறுமனே பதினோராயிரத்து நானூறு தடவை. ஓட்டத்தில் சரிபாதி இவர் தாளில் ஏறவே இல்லை. ஒரு லாரி எங்களை உரசுவதுபோல் கடந்து முகத்தில் புகையைக் கக்கிவிட்டுப் போனது. அவர் மூச்சைப் பிடிக்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

"முந்நூத்தி எழுபத்தி நாலு டன் விட்டுப்போச்சு சார்" என்றார். பிறகு மெதுவாக, "எல்லா எண்ணையும் மூணு மூணு தடவ பாத்தேன். அந்த ஒரு சொல்ல ஒரு தடவகூடப் பாக்கல."

ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பதோடு அதைச் சேர்த்தால் ஏழாயிரத்து நூற்று இருபத்து நாலு. வரம்புக்கு மேல் நூற்று இருபத்து நாலு டன்.

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கல்குவாரியின் எடைமேடைச் சீட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். தப்பைத் தப்பு என்று நிரூபிக்க அல்ல, தான் பயந்தது பொய்யாகிவிடாதா என்று. கல்லின் மொத்த எடையை ஒரு லாரி சுமக்கும் எடையால் வகுத்தார். பதினோராயிரத்து நானூறுதான் வந்தது. அழித்துவிட்டு மறுபடி வகுத்தார். அந்தத் தாள் அழித்து அழித்து ஓரிடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இந்த இடத்தில் அவர் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீடு ஆற்றுக்கு அக்கரையில், ஆஸ்பத்திரி இக்கரையில். அவருடைய மாமியாருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டுக்காரருக்கு மதிய ஷிஃப்ட் என்பதால் காலையில் அழைத்து வருவது அவர், திரும்பக் கூட்டிப் போவது மருமகள் கரியக்கா. அதற்காக மூன்று நாளும் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கி, சனிக்கிழமைகளில் அதை ஈடுகட்டுகிறார். புதன்கிழமை அக்கரையில் எனக்கும் வேலை இருந்ததால் அவர்களுடைய டாக்சியில் முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

பழைய பாலத்தின் முனையில் வண்டி நின்றது. முன்னால் எழுபது எண்பது வண்டிகள். மாமியார் ஒடிசலான மனுஷி, வாய் மட்டும் ஒடியவில்லை. மருமகளின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே என்னிடம் பேசினார்.

"தம்பி, நீங்கதான் பாலம் வரையிறவரா? படத்துல பாலம் கட்டி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சும்மா."

"அப்ப என்ன அதுலயே கூட்டிட்டுப் போயிடுங்க." தானே சிரித்து, இருமி, அடங்கினார். "போறப்பகூட பரவால்ல தம்பி. திரும்பி வர்றதுதான் உசுரு போகுது. உள்ள எல்லாத்தயும் புழிஞ்சு எடுத்துட்டு, இங்க கொண்டாந்து வெயில்ல காயப்போட்டா எப்படி? ஏம்மா, நான் போறதுக்கு முன்னாடி உன் பாலம் வந்துடுமா, போன பிறகுதானா?"

"வந்துடும் அத்தை" என்றார் கரியக்கா.

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். பென்சிலால் இடது உள்ளங்கையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கோப்பு திரும்பினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். பதினெட்டு கிலோமீட்டரில் வேறொரு கல்குவாரி இருக்கிறது. அங்கிருந்து எடுத்தால் லாரி ஓட்டம் பாதிக்குமேல் குறையும், வரம்புக்குள் வந்துவிடலாம். ஆனால் அந்தக் கல்லைச் சோதித்துச் சான்று வாங்க மூன்று மாதம், கோப்பு மேலே போய் வர மூன்று மாதம். அவர் உள்ளங்கையைத் திருப்பி எனக்குக் காட்டினார். 156 என்று இருந்தது. ஆறு மாதம், வாரம் மூன்று நாள், எழுபத்தெட்டு தடவை. போக ஒன்று, வர ஒன்று என்று இம்முறை சரியாக எண்ணியிருந்தார். நான் முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டேன். அன்று பாலத்தைத் தாண்ட ஐம்பது நிமிடம் ஆனது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் வாயைத் திறக்காமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் நான் விரும்பினேன். பழைய எண்ணோடு அறிக்கை போயிருந்தால் நானும் காதும் காதும் வைத்தாற்போல் இருந்திருப்பேன். நூற்று இருபத்து நாலு டன் புகையை நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்த அம்மாளின் உலர்ந்த உதட்டைப் பார்த்திருந்தேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவர் பெரியவரின் அறைக்குப் போனார். வரைபடச் சுருளோடு நானும் வர வேண்டும் என்றார். படத்துக்கு அங்கே வேலை இல்லை. தனியாகப் போகக் கால் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பெரியவரின் மேசையில் இறுதி அறிக்கை அச்சாகி, கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. கரியக்கா தன் தாளை அதன் மேல் வைத்தார். கீழே மொத்தம் 7,124 என்று பென்சிலால் எழுதியிருந்தார். தகரப் பெட்டியையும் பக்கத்தில் வைத்தார். சொல்ல வேண்டியதை ஐந்து நிமிடத்தில், ஒரு தடவைகூட நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

பெரியவர் கெட்ட மனிதர் இல்லை. கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"நடைன்னு எழுதுனது குவாரிக் கணக்கர்தானே? உங்க தப்பு இல்லையேம்மா."

"படிச்சது நான் சார்."

"இது வெளிய யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியும்." கொஞ்சம் யோசித்தார். "லாரிக்காரங்களுக்கு எப்பவுமே தெரியும்."

பெரியவர் ஜன்னலைக் காட்டினார். தூரத்தில் பழைய பாலத்தின் வரிசை வெயிலில் மினுங்கியது. "அங்க பாருங்க. அத்தன வண்டியும் சும்மா நின்னு எரிக்குது. புதுப் பாலம் வந்தா இந்த நூத்தி இருபத்தி நாலு டன்னும் ரெண்டு மாசத்துல சரியாயிடும். நீங்களே சொல்லியிருக்கீங்க."

"சொல்லியிருக்கேன் சார். அது மிச்சமாகுற பக்கம். பதினாலாம் பக்கத்துல இருக்கு. இது செலவாகுற பக்கம்." தாளைத் தொட்டுக் காட்டினார். "இங்க குறைச்சு எழுதிட்டா அப்புறம் அந்தப் பதினாலாம் பக்கத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க."

மின்விசிறி காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. பெரியவர் அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"உங்க வீட்டுக்கும் சேத்துத்தாம்மா இந்தப் பாலம்" என்றார் மெல்ல. "மாமியார் எப்படி இருக்காங்க?"

கரியக்கா தலையை மட்டும் அசைத்தார். அது நல்லபடி என்பதா இல்லை என்பதா என்று தெரியவில்லை.

பெரியவர் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளிருந்து அந்த வெள்ளை ரப்பரை எடுத்தார். தாளின் மேல், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். "பென்சில்லதானே இருக்கு" என்றார். மிரட்டல் இல்லை. கெஞ்சல்கூட இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. "எதுக்கும் இன்னொரு தடவ பாருங்களேன்."

அவருடைய வார்த்தையையே எடுத்து அவருக்கு நீட்டிவிட்டார். நான் கையிலிருந்த சுருளை இறுகப் பிடித்துக்கொண்டேன். கரியக்கா ரப்பரை எடுத்தார். அழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அதன் முகத்தை விரலால் துடைத்தார். பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"பாத்துட்டேன் சார். உங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க."

பெரியவர் உடனே கொடுக்கவில்லை. கையெழுத்துக்காகத் திறந்து வைத்திருந்த மைப்பேனா அது. பிறகு மூடியைப் பின்னால் செருகி நீட்டினார். கரியக்கா குனிந்து, பென்சில் கோட்டின் மேலேயே ஒவ்வொரு எண்ணாக மையால் எழுதினார். பேனா பழக்கமில்லாததில் கடைசி நாலின் கால் கோட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே போனது. அதை அப்படியே விட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்து, தாளுக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோய், மை காயும்வரை ஊதினார்.